வகுப்பு மாறாமல் புளொக் மாற்றுவது: டிராக் ரேஸ் காருக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கே 300 கிலோமீற்றருக்கு மேல். டிராக் ரேஸ், அதாவது நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம், நடக்கும் கட்டுக்குருந்தை ஓடுதளம் அதையும் தாண்டி, களுத்துறைப் பக்கம். காரை லொறியில் ஏற்றி, ஹபரணைக் காட்டு வழியாக இரவு முழுக்க ஓடி, விடியும்போது இறக்கி வைத்த பிறகு, "இந்த என்ஜின் இந்த வகுப்புக்குள் வராது" என்று பரிசோதகர் ஒரே வரியில் சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்? கொழும்புக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாமானை மாற்றிக்கொண்டு வருவார். நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் கிழக்கிலிருந்து ஓடப் போகிறவர் புளொக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள என்ஜின் உடலை, மாற்றும்போது குதிரைவலுவுக்கு முன் பார்க்க வேண்டியது அளவைத்தான், வகுப்பைப் பிரிப்பது அதுதான்.

இந்த வழிகாட்டிக்கு டொயோட்டாவின் ஏ வரிசை என்ஜினை உதாரணமாக எடுத்திருக்கிறேன். ஏஈ100, ஏஈ101, ஏஈ110 கொரோலாக்கள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு நிற்கின்றன, சாமான் கிடைக்கிறது, மெக்கானிக்மாருக்கும் கை பழகிய என்ஜின். ஹொண்டாவோ மிட்சுபிஷியோ வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

முதலில் விதிப்புத்தகம், அப்புறம் ஸ்பனர்

இலங்கையில் மோட்டார் விளையாட்டை நிர்வகிப்பது ஸ்ரீலங்கா ஆட்டோமொபைல் ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்பு. பொது விதி ஒன்று இருக்கும், ஒவ்வொரு போட்டிக்கும் ஏற்பாட்டாளர் வெளியிடும் துணை விதிகள் தனியாக இருக்கும். இரண்டையும் எடுத்துப் படியுங்கள். போன வருடத் தாளை வைத்துக்கொண்டு இந்த வருடம் என்ஜின் கட்டாதீர்கள்.

படிக்கும்போது தேட வேண்டியவை சில. வகுப்பின் உச்ச சிசி, அதாவது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு, எவ்வளவு? அந்த உச்சத்துக்கு மேல் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் குடைவது) சலுகை உண்டா, இல்லை 1600 என்றால் 1600தானா? புளொக் பற்றிய வாசகத்தை இரண்டு தரம் படியுங்கள். "அதே தயாரிப்பாளரின் புளொக்", "அதே என்ஜின் குடும்பத்தின் புளொக்", "அந்த மொடலுக்குத் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட புளொக்" ஆகிய மூன்றும் மூன்று வேறு விதிகள். முதலாவதில் நிறையச் சுதந்திரம் உண்டு. மூன்றாவதில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) மாற்றலாமா, லைனர் (சிலிண்டருக்குள் பொருத்தும் உறை) போடலாமா, புளொக்கின் மேல்முகத்தைச் சீவலாமா, கம்பிரஷன் விகிதத்துக்கு (கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதற்கு) வரம்பு உண்டா, என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமா, ஆகக் குறைந்த எடை ஓட்டுநரோடு சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

டர்போ போட்டவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பெற்றோல் டர்போ என்ஜினின் சிசியை 1.7 ஆல் பெருக்கித்தான் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏயின் விதிகள் வகுப்புப் பிரிக்கின்றன. ஸ்டார்லெட் ஜிடியில் வரும் 4ஈ-எஃப்டிஈ வெறும் 1331 சிசி. பெருக்கினால் 2262 ஐத் தாண்டுகிறது. சின்னக் கார் என்று நினைத்து வந்தவர் இரண்டு லீற்றர் காருக்கும் மேலான வகுப்பில் நிற்பார். உங்கள் போட்டி இந்தப் பெருக்கலைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் எங்கள் நாட்டுக்காரர் கண்டுபிடித்த தொல்லை இல்லை. டிராக் ரேஸின் தாய்வீடான அமெரிக்காவில் 1951 இல் தொடங்கிய என்எச்ஆர்ஏ என்ற பந்தய அமைப்பு கூட, புரோ ஸ்டொக் வகுப்புக்கு 1982 முதல் 500 கன அங்குலம், அதாவது சுமார் 8.2 லீற்றர், என்று ஒரே கோடு போட்டு வைத்தது. கால் மைல், 402 மீற்றர், ஒரு சில விநாடிகளில் முடிந்துவிடும் ஓட்டம். அங்கே பெரிய புளொக் கிளம்பும்போதே தரும் இழுவையை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது. அதனால்தான் பரிசோதகர்கள் மற்ற எதையும் விடப் புளொக்கை உற்றுப் பார்க்கிறார்கள்.

விதியில் தெளிவில்லாத இடம் இருந்தால் ஏற்பாட்டாளருக்கு எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை, கொண்டு வாங்க" என்று சொன்னவர் போட்டியன்று பரிசோதனை மேசையில் இருக்க மாட்டார். எழுத்தில் வந்த பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு கடைசி வரை தேவைப்படும்.

எந்தப் புளொக்?

ஏ வரிசையில் எங்கள் சந்தையில் அகப்படுபவை பெரும்பாலும் மூன்று. 5ஏ: போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 78.7 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 77, மொத்தம் 1498 சிசி. 4ஏ: போர் 81, ஸ்ட்ரோக் 77, மொத்தம் 1587 சிசி. 7ஏ: போர் அதே 81, ஸ்ட்ரோக் 85.5, மொத்தம் 1762 சிசி. மூன்றும் இரும்பு வார்ப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 7ஏ உயரமாகத் தெரியும். தனியாக, அழுக்கோடு, பழைய டயர்களுக்கு நடுவே கிடந்தால் அது அவ்வளவு சுலபமில்லை.

காத்தான்குடிப் பக்கம் ஒரு கடையில் பேச்சு இப்படிப் போகும்:

"நானா, 4ஏ புளொக் இருக்கா?"

"ஏ சீரிஸ்தானே தம்பி, எல்லாம் ஒண்டுதான். ஹெட் உக்காரும்."

அவர் சொல்வதில் பொய் இல்லை. 4ஏயின் வேகமான வகையான 4ஏ-ஜிஈயின் ஹெட், அதாவது புளொக்குக்கு மேலே வரும் வால்வுப் பகுதி, 7ஏ புளொக்கில் உட்காரத்தான் செய்யும். உலகம் முழுக்கப் பலர் அப்படிக் கட்டி ஓடுகிறார்கள், தெருவுக்கு நல்ல என்ஜின்தான். ஆனால் 1600 வகுப்பில் நீங்கள் 162 சிசி அதிகத்தோடு நிற்பீர்கள். 1500 வகுப்புக்கு 5ஏ தேடிப் போனவருக்கு 4ஏ கிடைப்பதும், 4ஏ தேடியவருக்கு 5ஏ கிடைப்பதும் இதே கதை.

என்ஜின் இலக்கம் புளொக்கிலேயே, தட்டையாகச் சீவிய ஒரு சின்ன மேடையில் குத்தப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சோக்குக் கட்டியைப் பூசித் துடைத்தால் எழுத்து வெள்ளையாகத் துலங்கும். தொடக்கத்திலேயே 4ஏ, 5ஏ, 7ஏ என்று குடும்பப் பெயர் நிற்கும். இலக்கத்தைச் சுரண்டிய, திரும்பக் குத்திய, அந்த இடம் மட்டும் பளபளக்கிற புளொக் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பந்தயத்துக்கும் ஆகாது, பதிவுக்கும் ஆகாது, பொலிஸ் கேட்டால் பதிலும் இருக்காது.

முழு என்ஜினாக, ஹெட் கழற்றாமல் விற்கிறார்களா? ஸ்ட்ரோக்கை ஸ்பார்க் பிளக் துளை வழியாகவே பார்த்துவிடலாம். ஒரு சைக்கிள் கம்பியை உள்ளே விட்டு பிஸ்டன் தலையில் தொட வையுங்கள். கிராங்க் எனும் சுழல் தண்டின் புல்லியை மெதுவாகச் சுற்றி, கம்பி ஆக மேலே வந்த இடத்திலும் ஆகக் கீழே போன இடத்திலும் நூல் கட்டி அடையாளம் வைத்து அளவுகோலில் பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் பரவாயில்லை, 77 க்கும் 85.5 க்கும் உள்ள வித்தியாசம் ஒளிந்துகொள்ளாது. போரை இப்படிப் பார்க்க முடியாது, அதற்கு ஹெட் கழற்ற வேண்டும். கழற்ற விடாத கடைக்காரரிடம் 'அளவு தப்பினால் திருப்பி எடுப்பேன்' என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

4ஏ-ஜிஈ எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முதற்கால 16 வால்வு புளொக்கின் வெளிப்புறத்தில் மூன்று விலா எலும்பு போன்ற வரம்புகள் இருக்கும். பிந்தியதில் ஏழு. முந்தியதன் கொன்ரொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பெரிய முனை 40 மில்லிமீற்றர் ஜேர்னலுக்கு (அந்த முனை பிடிக்கும் கிராங்கின் உருளைப் பகுதி), பிஸ்டன் பின் 18 மில்லிமீற்றர். பிந்தியதில் 42, 20. ஒரு கடையில் புளொக், இன்னொரு கடையில் கிராங்க், மூன்றாமிடத்தில் கொன்ரொட் என்று பொறுக்குபவர்கள் இந்த நான்கு எண்களையும் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டு போக வேண்டும். கொழும்பில் பழைய சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஒருமுறை போய் வருகிற செலவில் ஒரு கெஸ்கட் செட் வாங்கிவிடலாம்.

சிசி கணக்கு, சிக்கல் இருக்கும் இடம்

சூத்திரம் சின்னது. போரைப் போராலேயே பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.7854 ஆல் பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். எல்லாம் சென்டிமீற்றரில் இருந்தால் விடை சிசியில் வரும். 8.1 × 8.1 × 7.7 × 0.7854 × 4 = 1587.

இப்போது பழைய புளொக் தேய்ந்திருக்கிறது, போரிங் கடையில் "50 சைஸ் அடிச்சிடுவம்" என்கிறார்கள். அதாவது 0.50 மில்லிமீற்றர் கூட்டிப் போர் 81.5. திரும்பக் கணக்குப் போடுங்கள்: 1606.8 சிசி. சலுகை இல்லாத 1600 வகுப்பில் நீங்கள் வெளியே. 0.25 கூட்டினால், போர் 81.25, விடை 1596.9, உள்ளே. 1500 வகுப்பில் 5ஏ வைத்திருப்பவருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். அந்த என்ஜின் பிறக்கும்போதே 1498. 0.50 அடித்தால் 1517. ஹொண்டா பி16ஏ, போர் 81 ஸ்ட்ரோக் 77.4, 1595 சிசியில் தொடங்கி 0.50 இல் 1615 ஆகிவிடும்.

தெரு என்ஜினுக்கு யாரும் கவலைப்படாத அரை மில்லிமீற்றர் இது. கடைக்காரரும் கவலைப்பட மாட்டார், அவருக்குக் காரணமும் இல்லை. பந்தயத்தில் அதே அரை மில்லிமீற்றர்தான் வகுப்பைத் தீர்மானிக்கிறது. அதனால் என் தீர்ப்பு இதுதான்: சலுகை எழுத்தில் இல்லாவிட்டால், ஸ்டாண்டர்ட் போரில் தேயாமல் இருக்கும் புளொக் கிடைக்கும் வரை பொறுத்திருங்கள். 0.25 பிஸ்டன் தேடி அலைவதை விட அது மலிவு. லைனர் போட்டுத் திரும்ப ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவருவது கடைசி வழி. விதியும் அனுமதிக்க வேண்டும், லைனரைப் பந்தயத் தரத்துக்குப் போடத் தெரிந்த கையும் வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டோர்ச், வேர்னியர், ஒரு நேரான இரும்பு அளவுகோல், இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் தகடுகள். முடிந்தால் சிலிண்டர் விட்டம் அளக்கும் போர் கேஜ் வைத்திருக்கிற ஆள் ஒருவர்.

முதலில் கோர் பிளக்குகள், அதாவது தண்ணீர்ப் பாதையை அடைத்திருக்கும் அந்த வட்டத் தகடுகள். எங்கள் கரையோரக் கிணறுகளில் உவர்ப்பு அதிகம். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வருடக் கணக்காக ஓடிய புளொக்கில் இந்தத் தகடுகள் உள்ளிருந்து அரித்து மாவாகியிருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். ஜப்பானிலிருந்து நேரே இறங்கிய பழைய என்ஜினில் இந்தப் பிரச்சினை குறைவு.

அடுத்தது மெயின் பெயாரிங் மூடிகள். ஐந்தும் அந்தப் புளொக்கோடு பிறந்தவையாக இருக்க வேண்டும், ஏனென்றால் புளொக்கில் பூட்டிய பிறகுதான் தொழிற்சாலையில் துளை போடுகிறார்கள். இலக்கமும் அம்புக்குறியும் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு மூடி நிறம் மாறியோ, இலக்கம் இரட்டித்தோ இருந்தால் அது வேறு புளொக்கின் சாமான். அந்தப் புளொக்கைத் தொடாதீர்கள்.

மேல்முகத்தில் அளவுகோலைக் குறுக்கும் நெடுக்கும், மூலைக்கு மூலையும் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டினால் மாட்டுகிற கீறல் இருந்தால் ஹோன், அதாவது கல்லால் தேய்த்துச் சீராக்குவது, மட்டும் போதாது, போர் அடிக்க வேண்டிவரும். போர் அடித்தால் மேலே சொன்ன கணக்கு. ஹெட் போல்ட் துளைகளைச் சுற்றி முடி மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பற்றுச்சீட்டில் என்ஜின் இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் கடை இருக்கும், தாள் இருக்காது.

போரிங் கடையில்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கள் பக்கத்து என்ஜின் வேலைக் கடைகளுக்கு அன்றாடச் சோறு போடுவது உழவு இயந்திரமும் வள்ளத்து என்ஜினும்தான். வேலை தெரியாதவர்கள் என்று சொல்லவில்லை. அம்பாறை வயலில் சேற்றோடு மல்லுக்கட்டும் மெசினுக்குக் கொஞ்சம் தளர்வாக விட்டால்தான் அது நீடிக்கும், அவர்களுடைய கை அந்த இடைவெளிக்குப் பழகியது. உங்களுக்கு என்ன இடைவெளி வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

பிஸ்டனை முதலில் வாங்கி, பெட்டியோடு கடையில் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீற்றரால் அளந்து, அதன் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளிக்கு அந்தந்தச் சிலிண்டரை முடிக்க வேண்டும். ஃபோர்ஜ் பண்ணிய பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், வார்ப்புப் பிஸ்டனின் இடைவெளியை அதற்குக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் ஹோன் பண்ணும்போது மேலே ஒரு தடித்த தகட்டை ஹெட் போலவே குறித்த டோர்க்கில் (முறுக்கும் விசையில்) இறுக்கி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஹெட் இறுகும்போது சிலிண்டர் வட்டம் கொஞ்சம் கோணும், தகடு அந்தக் கோணலை முன்கூட்டியே காட்டிவிடும்.

மேல்முகத்தைச் சீவுவதில்தான் ஆசை வரும். "கொஞ்சம் கூடச் சீவினால் கம்பிரஷன் ஏறும்." ஏறத்தான் செய்யும். ஒரு உதாரணம்: 4ஏ சிலிண்டர் ஒன்று 396.8 சிசி. 10.3 க்கு 1 என்ற விகிதத்துக்கு மேலே மிஞ்சும் இடம் 42.7 சிசி. புளொக்கில் 0.25 மில்லிமீற்றர் சீவினால் 1.3 சிசி குறையும், விகிதம் 10.6 ஐ எட்டிவிடும். வகுப்பு விதி 10.5 என்று இருந்தால்? கால் மில்லிமீற்றரில் கதை முடிந்தது. சீவுவதற்கு முன் கணக்கு, சீவிய பிறகு பியூரெட் அளவுக் குழாயால் ஹெட் அறையை அளப்பது, இரண்டையும் விடாதீர்கள். கோணலை எடுக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு தடவை கூட ஓட விடாதீர்கள். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

வேலை முடிந்ததும் நான்கு சிலிண்டரின் இறுதி அளவையும் கடைச் சீட்டில் எழுதி, முத்திரை வைத்து வாங்குங்கள். கோப்புக்குப் போகட்டும்.

பழையதை இறக்குதல்

இது அவ்வளவு பெரிய வித்தை இல்லை. பற்றரியைக் கழற்றி, எரிபொருள் அழுத்தத்தை விட்டு, தண்ணீர், ஒயில், கியர்பொக்ஸ் ஒயில் மூன்றையும் வடிய விடுங்கள். பொனெட், ரேடியேற்றர், எயார் பாதை, எக்ஸோஸ்ட், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் வெளியே. ஒவ்வொரு வயர் சொக்கெட்டையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். முன்சக்கர இழுவைக் கொரோலாவில் என்ஜினையும் கியர்பொக்ஸையும் சேர்த்தே மேலே தூக்குவதுதான் வசதி.

தூக்குவதற்கு முற்றத்து மாமரக் கிளையை நம்பாதீர்கள். கியர்பொக்ஸோடு சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டும் பாரம். இரும்புக் கால் மூன்று நட்ட செயின் புளொக் அல்லது வாடகைக்கு ஒரு என்ஜின் கிரேன். தொங்கும் என்ஜினுக்குக் கீழே யாரும் கையோ காலோ நீட்டக் கூடாது, தம்பிமார் வேடிக்கை பார்ப்பதானாலும் மூன்று அடி தள்ளி.

மவுண்ட் பிராக்கெட்டுகளின் இடத்தை வெளியே எடுப்பதற்கு முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். என்ஜினைப் பின்னோக்கித் தள்ளியதாக யாராவது முறைப்பாடு செய்தால் இந்த அளவுதான் பேசும்.

கூட்டுதல்

போரிங் கடையிலிருந்து வந்த புளொக் சுத்தமாகத் தெரியும், ஆனால் ஹோன் கல்லின் தூள் சுவரில் ஒட்டியிருக்கும். பெற்றோலால் கழுவினால் தூள் போகாது, கீறலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வராத வரை நிறுத்தாதீர்கள். ஒயில் பாதைகளுக்கு நீளத் தூரிகை, அப்புறம் கொம்பிரசர் காற்று.

காய்ந்த அடுத்த நிமிடமே ஒயில் பூச வேண்டும். கல்லடி, நாவலடி போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றுப் பட்ட வெறும் இரும்பு ஒரே இரவில் செம்மண் நிறமாகிவிடும். கச்சான் வீசும் மாதங்களில் இன்னொரு தொல்லை, மணல். பெயாரிங் போடுகிற நாளில் கராஜ் வாசலில் ஈரச் சாக்கைத் தொங்க விட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, வேலையைக் காலையில், காற்று எழும்புவதற்கு முன் முடியுங்கள். இடையில் நிறுத்தினால் புளொக்கைப் பெரிய பொலித்தீன் பையால் மூடிக் கட்டுங்கள்.

பெயாரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் இழையால் பாருங்கள். இழையை ஜேர்னலில் வைத்து, மூடியை முழு டோர்க்கில் இறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். அந்த நேரம் கிராங்க் ஒரு துளியும் சுற்றக் கூடாது. 4ஏ மெயின் மூடிகளுக்கு 60 நியூட்டன் மீற்றர், நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று கட்டமாக. ஐந்தும் இறுகிய பிறகு கிராங்க் கையால் வழுக்கிச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் அங்கே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

ரிங்கை வெறும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியைப் பாருங்கள். டர்போ இல்லாத என்ஜினுக்கு மேல் ரிங்கில் ஒரு அங்குலப் போருக்கு 0.1 மில்லிமீற்றர் என்ற பழைய கணக்கு போதும். 81 இல் அது 0.32 அளவில் வரும். ரிங் பெட்டியில் வேறு எண் சொல்லியிருந்தால் பெட்டி சொல்வதே சரி.

பழைய ஹெட்டைப் புதுப் புளொக்கில் வைப்பதற்கு முன் வால்வும் பிஸ்டனும் முட்டாது என்று உறுதி செய்ய வேண்டும், முக்கியமாகச் சீவியிருந்தால், அல்லது வால்வை அதிகம் திறக்கும் உயரமான கேம் போட்டிருந்தால். பிஸ்டன் தலையில் களிமண் துண்டு வைத்து, ஹெட்டைப் பழைய கெஸ்கட்டோடு இறுக்கி, பெல்ட்டைக் குறிக்கு நேரே போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று. திரும்பக் கழற்றிக் களிமண்ணை வெட்டித் தடிப்பை அளங்கள். உள்ளிழு வால்வுக்கு 2 மில்லிமீற்றரும் வெளியேற்று வால்வுக்கு 2.5 உம் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

16 வால்வு 4ஏ-ஜிஈ ஹெட் போல்ட்டுகளை முதலில் 29 நியூட்டன் மீற்றர், பிறகு 90 பாகை, இன்னொரு 90 பாகை. ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டால் எது சுற்றியது எது சுற்றவில்லை என்ற குழப்பம் வராது. போல்ட் துளைக்குள் ஒயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது, அந்த நிலையில் இறுக்கினால் புளொக் வெடிக்கலாம். வேறு ஹெட் என்றால் அதற்குரிய கைநூலைப் பாருங்கள், இந்த எண்ணைக் கொண்டுபோய் அங்கே போடாதீர்கள்.

ஹெட் மூடுவதற்கு முன் ஒரு வேலை. நான்கு சிலிண்டரிலும் போர் கேஜ் வைத்த நிலையில், அளவு தெரிய, என்ஜின் இலக்கமும் தெரிய, படம் எடுங்கள். மூடிய பிறகு இதை யாருக்கும் காட்ட முடியாது.

ஏற்றி, உயிர் கொடுத்தல்

கிளச் தட்டை நடுமையக் கருவியால் நேர் பண்ணி, கியர்பொக்ஸோடு கூட்டி, இறக்கிய வழியிலேயே ஏற்றுங்கள். எர்த் வயரை மறந்துவிட்டு ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று புலம்புபவர்கள் ஏராளம். புளொக்கிலிருந்து பொடிக்குத் தடித்த எர்த் ஒன்று இருக்க வேண்டும், பெயின்டைச் சுரண்டிய இடத்தில்.

முதலில் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, ஸ்டார்ட்டரால் சுற்றி ஒயில் அழுத்தம் ஏறுவதைக் கேஜில் பாருங்கள். ஏறாமல் பிளக் போடாதீர்கள். பற்றும் வரிசை 1-3-4-2, வயர்களை அதன்படி பூட்டி ஸ்டார்ட் பண்ணலாம். சாதாரண மினரல் ஒயில் போதும். விலை கூடிய சிந்தெட்டிக் இப்போது ரிங் படிவதைத் தாமதப்படுத்தும். ஐடிலில் மணிக்கணக்காக விட்டு "செட் ஆகட்டும்" என்று பார்த்துக்கொண்டிருப்பதும் ரிங்குக்கு உதவாது. சூடு ஏறி, ஒழுக்கு இல்லை என்று கண்ட பிறகு அதற்குத் தேவை மிதமான சுமை. ஏற்றுவதும் விடுவதுமாக ஓட வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒயிலை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி விரித்து, உள்ளே மினுங்குகிறதா என்று பாருங்கள். நுண்ணிய மினுக்கம் இயல்பு. நகத்தில் தட்டுப்படும் துண்டு இருந்தால் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பைக் கழற்றுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவும் காப்புறுதியும் உள்ள கார் என்றால் பகலில், சட்ட வேகத்தில், பொது வீதியில் ரிங் படிய வைக்கலாம். திருகோணமலை வீதியில் இரவில் இரண்டு காரை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் பரிசோதனையும் இல்லை, விளையாட்டும் இல்லை. மாடு படுத்திருக்கிற வீதி அது.

பிறகு நான்கு சிலிண்டரிலும் கம்பிரஷன் பார்த்து எழுதுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி.

தாளும் தராசும்

தெருவிலும் ஓடுகிற கார் என்றால் பதிவுச் சான்றிதழில் இருக்கும் என்ஜின் இலக்கம் இப்போது பொய். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து மாற்ற வேண்டும். கடைச் சீட்டும் இறக்குமதிப் பிரதியும் இதற்குத்தான். லீசிங்கில் உள்ள வாகனம் என்றால் நிதி நிறுவனத்தின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். இலக்கம் மாறாமல் ஒரு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்க்கும் இடமும் அதுதான்.

எடை மாறியிருக்கும். குறிப்பாக ஏசி, பவர் ஸ்டியரிங் கழற்றியவர்கள் ஆகக் குறைந்த எடைக்குக் கீழே போய்விடலாம். அம்பாறைப் பக்கம் நெல் ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் கேட்டால் ஏற்றி நிறுக்க விடுவார்கள். ஆனால் அது தொன் கணக்குத் தராசு, பத்து இருபது கிலோ அதற்கு ஒரு பொருட்டில்லை. அதனால் வரம்பை விடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு, கழற்றக் கூடிய பாரமாகப் பூட்டி எடுத்துப் போங்கள். அங்கே தராசில் ஏறிய பிறகு குறைக்கலாம்.

பரிசோதனை மேசையில்

கோப்பில் இருக்க வேண்டியவை: ஏற்பாட்டாளரின் எழுத்துப் பதில், என்ஜின் கடைச் சீட்டு, போரிங் கடையின் அளவுச் சீட்டு, பிஸ்டன் பெட்டியின் லேபல், படங்கள், நீங்களே போட்ட சிசி கணக்கும் கம்பிரஷன் கணக்கும். கேட்காமலே நீட்ட வேண்டாம், கேட்டவுடன் எடுக்கிற மாதிரி இருக்கட்டும். என்ஜின் இலக்கத்தைத் துடைத்து, கண்ணாடி வைக்காமல் படிக்கக் கூடியதாக விடுங்கள். விண்ணப்பத்தில் சிசி எழுதும் இடத்தில் பழைய கையேட்டு எண்ணை எழுதாமல், இப்போது அளந்து கண்ட எண்ணை எழுதுங்கள். 1596.9 என்றால் 1597.

என்ஜினைத் திறக்காதபடி முத்திரைக் கம்பி போடும் போட்டி என்றால் சம்பிலும் ஹெட்டிலும் துளையுள்ள போல்ட் ஒவ்வொன்று முன்கூட்டியே பூட்டி வையுங்கள். ஒயில் ஒழுகினால் ஓடுபாதை முழுவதும் நாசமாகும் என்பதால் என்ஜின் மூச்சு விடும் பிறீதர் குழாய்க்கு ஒயிலைப் பிடிக்கும் கட்ச் டாங்க் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ரேடியேற்றரில் கூலண்ட் திரவத்துக்கு இடமில்லாத போட்டிகள் உண்டு, வெறும் தண்ணீர் மட்டும்தான். அப்படியானால் வீட்டிலேயே வடித்து மாற்றிக்கொண்டு போங்கள்.

வென்றால் வேலை முடியாது. அடுத்த காரின் ஆட்கள் முறைப்பாடு செய்து பணம் கட்டினால் ஹெட்டைக் கழற்றிக் காட்டும்படி கேட்கலாம். ஹெட் கெஸ்கட் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். அதனால் புதிய கெஸ்கட் ஒன்று, மனிஃபோல்ட் கெஸ்கட்டுகள், டோர்க் ரென்ச், பாகை காட்டும் வட்டம், நான்கு லீற்றர் ஒயில், துடைக்கத் துணி ஆகியவற்றைக் காரோடு சேர்த்தே லொறியில் ஏற்றுங்கள். அளந்து முடித்துக் கையெழுத்துப் போட்ட தாளின் பிரதி கையில் வரும் வரை ஹெட்டைத் திரும்ப மூடாதீர்கள்.